அப்படியே இருந்தால்தான் என்ன?

2008 அக்டோபரில், அமெரிக்க அதிபர் தேர்தலையொட்டி மின்னசோட்டா மாநிலத்தில் நடந்த ஒரு கூட்டத்தில், ஒபாமாவை நம்ப முடியவில்லை, அவர் ஓர் அரபியர் என்று ஒரு பெண்மணி கூறியபோது, ஒபாமாவை எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜான் மெக்கெய்ன் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு, இல்லை அம்மா, அவர் கண்ணியமான குடும்பஸ்தர், இந்நாட்டுக் குடிமகன் என்று மறுத்தார். ஒபாமா தாம் முஸ்லிம் என்பதை மறைக்கிறார் என்ற வதந்தி மின்னஞ்சல் வழியே பரவிக்கொண்டிருந்த காலம் அது. சொந்த ஆதரவாளர்கள் முன்னிலையில் அப்படி மறுக்க நெஞ்சுரம் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும் அந்த விடையை இன்னொரு முறை படித்துப் பார்த்தால், அரபியராக இருப்பவர் கண்ணியமான குடும்பஸ்தராக இருக்க முடியாது என்ற எண்ணம், சொன்னவர் அறியாமலேயே அதற்குள் உட்கார்ந்திருப்பது தெரியும்.

சில நாள்களில், அதே குடியரசுக் கட்சியைச் சேர்ந்த முன்னாள் வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் இந்த முடிச்சை அவிழ்த்தார். ஒபாமா கிறிஸ்தவர் என்பது சரியான விடைதான், ஆனால் உண்மையிலேயே சரியான விடை, அவர் முஸ்லிமாகவே இருந்தால்தான் என்ன என்பதே என்றார். மத ஐயத்திற்கு உள்ளான வேட்பாளர்களுக்காகப் பரிந்து பேசுகிறவர்களில் பெரும்பாலோர், நான் பார்த்தவரையில், முதல் விடையோடு நின்றுவிடுகிறார்கள்.

1928இல் ஆல் ஸ்மித் என்ற கத்தோலிக்கர் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரானபோது, நியூயார்க்கின் ஹாலண்டு சுரங்கப்பாதையில் அவர் நிற்கும் படத்தைக் காட்டி, வத்திக்கானுக்குக் கடலடியில் போகும் வழி இதுதான் என்று பரப்பினார்கள். (வாட்ஸ்அப்பால்தான் உலகம் கெட்டது என்பவர்கள் இதையும் நினைவில் கொள்ளலாம்.) 32 ஆண்டுகள் கழித்து கத்தோலிக்கர் நாட்டைவிடப் போப்புக்கே பணிவார் என்ற அதே ஐயம், கத்தோலிக்கரான கென்னடியைத் துரத்தியது. 1960 செப்டம்பர் 12 அன்று அவர் ஹூஸ்டனில் புராட்டஸ்டண்ட் போதகர்கள் முன் நின்று, தாம் கத்தோலிக்கர்களின் வேட்பாளர் அல்லர், தம் கட்சியின் வேட்பாளர் என்றும், மனச்சாட்சிக்கும் நாட்டு நலனுக்கும் மோதல் வந்தால் பதவி விலகுவதாகவும் கூற வேண்டியிருந்தது. அருமையான உரை. எனினும் அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துவது, குவேக்கர் என்ற சிறு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்த நிக்சன், எதிரே நின்றும், அப்படி எந்த மன்றத்திலும் பிணை கொடுக்க வேண்டியிருக்கவில்லை என்பதே.

ஒரு வேட்பாளர் தம் மத விதியைச் சட்டமாக்குவேன் என்று தாமே அறிவித்தால், வாக்காளர் அதைத் துருவிக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அது கொள்கை பற்றிய கேள்வி. பெயரையும் பிறப்பையும் வைத்து, சொல்லாத கொள்கையை ஒருவர் வாயில் திணிப்பது வேறு. அமெரிக்க அரசமைப்பின் 6ஆம் உறுப்பு பதவிக்கு மதத் தகுதி கேட்பதைத் தடுக்கிறது. வாக்குச்சாவடிக்குள் நிற்பவரின் மனத்துக்குள் அது நுழைய முடியாது.

கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் அமெரிக்கர்களிடம் 1937இல் கேட்டபோது, அதிபர் பதவிக்குக் கத்தோலிக்கருக்கு வாக்களிக்க ஒப்பியவர்கள் 60 விழுக்காடு, 2019இல் 95. அதே 2019இல் முஸ்லிமுக்கு 66, நாத்திகருக்கு 60. கடவுள் மறுப்பாளரான கருணாநிதியை ஐந்து முறை முதலமைச்சராகப் பார்த்த நமக்கு இது வியப்பாகத்தான் இருக்கும். அந்தக் கேள்வியின் வாசகத்தையும் கவனிக்க வேண்டும்: உங்கள் கட்சியே நிறுத்திய, தகுதியுள்ள ஒருவர் என்று சொல்லித்தான் கேட்கிறார்கள். கட்சியும் தகுதியும் உறுதியான பிறகும், ஏறத்தாழ பத்தில் நால்வருக்கு நாத்திகர் என்ற ஒரு சொல்லே மறுக்கப் போதுமானதாக இருந்தது.