ஒரே வீட்டுக்கு மூன்று பேர் வருகிறார்கள்

பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகிவிட்ட என் அம்மாவைப் பார்க்க எங்கள் ஊருக்கு மூன்று பேர் வருகிறார்கள்: மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த தன்னார்வலர் அக்கா, நோய் ஆதரவுச் சிகிச்சைச் (நீண்டகால நோயாளியின் வலியையும் அவதியையும் தணிக்கும் பராமரிப்பு) செவிலியர், பிசியோதெரபிஸ்ட். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இல்லையென்றால், இம்மூவரில் ஒருவரும் எங்கள் வாசலை மிதித்திருக்க வாய்ப்பில்லை. அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

மூவரும் வெவ்வேறு நாட்களில் வருவதால், ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சேர்க்கும் வேலை எங்கள் தலையில் விழுகிறது. அம்மாவைத் தினமும் நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும் என்றார் பிசியோதெரபிஸ்ட். முதுகின் அடிப்பகுதியில் படுக்கைப்புண் தொடங்கியிருப்பதைக் கண்ட செவிலியரோ, நெடுநேரம் உட்கார வைக்காமல், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னார். இருவர் சொன்னதும் சரிதான். ஆனால் எதை எவ்வளவு நேரம் செய்வது என்பதை இருவரும் சேர்ந்து முடிவுசெய்திருக்க வேண்டும். என் மனைவி தனியாக முடிவுசெய்தாள்.

இதைவிட ஆபத்தானது மாத்திரை விஷயம். நகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் சில நாட்கள் இருந்து திரும்பியபோது, இரத்த அழுத்தத்துக்கு வேறு மாத்திரை எழுதித் தந்தார்கள். பழையதை நிறுத்துங்கள் என்று எவரும் சொல்லவில்லை. நாங்களும் தன்னார்வலரிடம் சீட்டைக் காட்டவில்லை. அம்மா இரண்டையும் விழுங்கித் தலைசுற்றிக் கிடந்தார். மாத்திரை டப்பாவைத் தாமாகவே கவிழ்த்துப் பார்த்த செவிலியர்தான், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசிவிட்டு, ஒன்றை நிறுத்தச் சொன்னார்.

கிராமத்துச் செவிலியரின் சிரமத்தைப் பேசும்போது நாம் தூரத்தையும் பேருந்தையும் மட்டுமே சொல்கிறோம். கலந்து பேச அருகில் ஆளில்லாமல் அடுத்தவர் வீட்டுக் கட்டிலருகே நின்று முடிவெடுப்பது அதைவிடப் பெரிய சிரமம். கேரளம் 2008-இல் நோய் ஆதரவுச் சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கையே வகுத்து, உள்ளாட்சிகளை வீட்டுப் பராமரிப்பில் ஈடுபடுத்தியது. அங்கே பெரும்பாலும் செவிலியரும் ஆஷா எனப்படும் ஊர்ச் சுகாதாரப் பணியாளரும் தன்னார்வலரும் சேர்ந்தே போகிறார்கள். நம் ஊரில் மாதம் ஒரு முற்பகலாவது மூவரும் மருத்துவரோடு உட்கார்ந்து பேச வேண்டும், அந்த நேரமும் பணியாகவே கணக்கில் ஏற வேண்டும் என்பது என் கருத்து. ஒற்றுமையாக வேலை செய்யுங்கள் என்று அறிவுரை சொல்வதற்குச் செலவில்லை என்பதால் அது மட்டும் தாராளமாகக் கிடைக்கிறது.

இப்போதைக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்றைத் தலையணையருகே வைத்திருக்கிறோம். போன வாரம் அக்கா அதில் ‘வலது குதிகால் சிவந்திருக்கிறது’ என்று எழுதிவிட்டுப் போனார். அந்தப் பக்கத்தைப் படமெடுத்துச் செவிலியருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியவன் நான்தான்.