பீன்ஸில் பன்றி இருந்ததாம்

அந்த வீடியோவை நீங்க எல்லாரும் பாத்திருப்பீங்க. எனக்கு மட்டும் நாலு வாட்ஸப் குழுவுலேருந்து ஏழு தடவை வந்துடுச்சு. ஞாயித்துக்கிழமை மத்தியானம், அட்லாண்டாவுலேருந்து ஒரு மணி நேரத் தூரத்துல ஒரு சின்ன ஊர், ஒரு சின்ன கடை, நம்ம ஆளுங்க இருபத்துநாலு பேர். தட்டுல பீன்ஸ். பீன்ஸுக்கு நடுவுல சுண்டுவிரல் நகம் அளவுக்கு இளஞ்சிவப்பா ஒரு துண்டு. "வெஜிடபிள் பிளேட்னு சொல்லி ஏமாத்திட்டாங்க மக்களே!" அப்புறம் ரிவ்யூல ஒத்த நட்சத்திரம். கடைப் பேரை நான் சொல்லப்போறதில்லை. தெரிஞ்சவங்க கமெண்ட்டுல போட்டாலும் அழிச்சுடுவேன்.

முதல்லயே சொல்லிடறேன். பொறந்ததுலேருந்து சைவமா இருக்கிறவங்க வாயில பன்றிக்கொழுப்பு போனா அது எவ்வளவு பெரிய வேதனைன்னு எனக்குத் தெரியும். அதைக் கிண்டல் பண்ண இந்தப் பதிவு இல்ல. ஆனா 'ஏமாத்திட்டாங்க'ங்கிற வார்த்தை இருக்கு பாருங்க, அதைத்தான் என்னால முழுங்க முடியல. யாரும் ஏமாத்தல. நாம கேக்கல. அவ்வளவுதான் விஷயம். கேக்கல.

ஜார்ஜியா, அலபாமா, டென்னசி பக்கத்துச் சின்ன ஊர்கள்ல மத்தியானச் சாப்பாட்டுக் கடைன்னா பெரும்பாலும் 'மீட் அண்ட் த்ரீ' தான். ஒரு கறி, மூணு தொட்டுக்கை, ஒரு கார்ன்பிரெட் (மக்காச்சோள மாவு ரொட்டி) இல்லன்னா பிஸ்கட் (நம்ம டீ பிஸ்கட் இல்ல, மெத்துன்னு இருக்கிற பன் மாதிரி), ஸ்வீட் டீ. கறி வேண்டாம்னா தொட்டுக்கையே நாலு வாங்கிக்கலாம். அதுக்குப் பேருதான் வெஜிடபிள் பிளேட். அங்க 'வெஜிடபிள்'னா அந்த வரிசையிலேருந்து எடுத்ததுன்னு அர்த்தம். சைவம்னு அர்த்தம் இல்ல. மாக்கரோனி அண்ட் சீஸும் அந்த வரிசையிலதான் இருக்கும், சில கடைகள்ல ஜெல்லோங்கிற இனிப்பு ஜெல்லியும் இருக்கும். மாக்கரோனி எந்தச் செடியில காய்க்குதுன்னு கேட்டா அவங்களே சிரிப்பாங்க.

இப்ப பீன்ஸுக்கு வருவோம். நம்ம பொரியல் மாதிரி பத்து நிமிஷத்துல இறக்குற பீன்ஸ் இல்ல அது. புகைபோட்ட பன்றிக் கணுக்கால், 'ஹாம் ஹாக்'னு சொல்றது, அதை முதல்ல ஒரு மணி நேரம் தண்ணியில கொதிக்க விடுவாங்க. ரெண்டு பவுண்டு பீன்ஸுக்கு ஒரு ஹாக் போதும். அந்தச் சாறுலதான் பீன்ஸ் வெங்காயத்தோட இன்னும் ஒண்ணு, ஒண்ணரை மணி நேரம் வேகும், பச்சை நிறம் போய் ஆலிவ் நிறம் வர்ற வரைக்கும். கறி எலும்பை விட்டுத் தானா உதிர்ந்து கலந்துடும். அதனால 'துண்டை எடுத்து ஓரமா வெச்சுட்டுச் சாப்பிடுங்க'ங்கிற யோசனை சைவக்காரங்களுக்கு உதவாது, சாறே பன்றிதான். காலர்ட் கீரை, பிளாக் ஐடு பீஸ்ங்கிற நம்ம காராமணி, பட்டர் பீன்ஸ், பின்டோ பீன்ஸ் எல்லாத்துக்கும் பெரும்பாலும் இதே கதைதான். ஹாக் இல்லன்னா உப்புக்கண்டம் போட்ட கொழுப்பு, அதுவும் இல்லன்னா பேகன், அதாவது உப்புல பதப்படுத்தின பன்றிக்கறி, பொரிச்ச எண்ணெய். இப்ப நிறைய கடைகள்ல பன்றிக்குப் பதிலா புகைபோட்ட வான்கோழிக் கழுத்து போடறாங்க. ஆக 'நோ போர்க்'னு எழுதியிருந்தாலும் அது சைவம் ஆயிடாது.

இது ஏமாத்து வேலை இல்ல, சமையல். கறி வாங்க வழியில்லாத ஏழைங்க, அடிமையா இருந்தவங்க, அவங்க பங்குக்கு வந்த உப்புக்கண்டத் துண்டை வெச்சுக் கீரையையும் பயறையும் ருசியாக்கின சமையல். நெத்திலிக் கருவாடு போட்டாலும் நாம அதைக் கத்திரிக்காய்க் குழம்புன்னுதானே சொல்றோம்? வீட்டுக்கு வந்தவர் 'காய்ப் பேரைச் சொல்லிட்டுக் கருவாடு போட்டு ஏமாத்திட்டாங்க'ன்னு வீடியோ போட்டா நமக்கு எப்படி இருக்கும்?

'கேட்டோமே, வெஜிடேரியனான்னு கேட்டோமே, எஸ்ஸுன்னு சொன்னாங்களே'ன்னு கமெண்ட்டுல ஒருத்தர். கேட்ட கேள்வி தப்புங்க. 'பீன்ஸ் வெஜிடேரியனா?'ன்னு கேட்டா, பரிமாற வந்த பொண்ணுக்கு அது 'பீன்ஸ் காய்கறியா?'ன்னு கேட்ட மாதிரி. ஆமான்னுதான் சொல்லும். கேக்க வேண்டியது இது: 'பீன்ஸை எதைப் போட்டு சீசன் பண்றீங்க? ஹாம், பேகன் க்ரீஸ், சிக்கன் பிராத் ஏதாவது இருக்கா?' 'சீசன்'னா ருசி ஏத்துறது. அந்த ஒரு வார்த்தை போதும், கிச்சனுக்குள்ள போய்க் கேட்டுட்டு வந்து ஒண்ணுவிடாம சொல்லுவாங்க. அடுத்த கேள்வி, 'ஓக்ரா பொரிக்கிற எண்ணெயிலயே சிக்கனும் கேட்ஃபிஷ்ஷும் பொரிக்கிறீங்களா?' சின்ன கடையில எண்ணெய்ச்சட்டி ஒண்ணோ ரெண்டோதான் இருக்கும், அதனால பதில் பெரும்பாலும் ஆமாதான். மூணாவது, 'கார்ன்பிரெட், பிஸ்கட்டுல லார்ட், அதாவது பன்றிக்கொழுப்பு, இருக்கா?' கார்ன்பிரெட்டுக்குப் பல கடைகள்ல இரும்புச் சட்டியைக் காய வெச்சு பேகன் கொழுப்பைத் தடவித்தான் மாவை ஊத்துவாங்க, அடிப்பக்கம் மொறுமொறுன்னு வரணும்ல. இந்த மூணு கேள்விக்கு முப்பது செகண்ட் ஆகுமா?

நம்பிச் சாப்பிட ஒண்ணுமே இல்லையான்னு கேட்டா, இருக்கு. ஸ்குவாஷ் காசரோல் - மஞ்சள் பூசணி வகை, வெங்காயம், செடார் சீஸ், மேல நொறுக்கின க்ராக்கர். கறி பெரும்பாலும் இருக்காது, முட்டை இருக்கும், கேட்டுக்கணும். க்ரிட்ஸ் நம்ம சோளக்கஞ்சிக்குச் சொந்தக்காரன். தண்ணி, உப்பு, வெண்ணெய்தான், இறாலோ கிரேவியோ மேல ஊத்த வேண்டாம்னு சொல்லிட்டாப் போதும். கோல்ஸ்லா, தக்காளித் துண்டு, மாக்கரோனி. ஆனா சக்கரைவள்ளி மேல மார்ஷ்மெல்லோ இருந்தா அதுல ஜெலட்டின் இருக்கு, விலங்குகளோட தோல், எலும்புலேருந்து எடுக்கிறது. ஜெல்லோவும் அதேதான். வெள்ளை கிரேவி பெரும்பாலும் சாசேஜ் கொழுப்புல செய்றது. கறி போட்ட பிரன்ஸ்விக் ஸ்டூவைத் தக்காளி சூப்னு நெனச்சு வாங்கின ஆளு இருக்காரு. பேரைச் சொன்னா சண்டைக்கு வருவாரு, விட்டுடுவோம்.

சரி, பீன்ஸை விடுங்க. அந்த வீடியோவுல ரெண்டாவது புகார், 'ஒன்றரை மணி நேரம் காக்க வெச்சாங்க'. போன நேரம் என்ன? ஞாயிறு பன்னெண்டு இருபது! சர்ச் விட்டு ஊரே அங்கதான் வரும். அந்த ஊர்ல பொறந்தவரே அன்னிக்கு வரிசையிலதான் நிப்பாரு. பதினொண்ணு மணிக்குப் போயிருக்கணும். ஒண்ணரைக்கு மேல போனா இடம் கிடைக்கும், ஆனா பாதி ஐட்டம் தீர்ந்திருக்கும், ரெண்டு ரெண்டரைக்குக் கதவை மூடிடுவாங்க. இந்த மாதிரிக் கடைங்க பலதும் வாரநாள்ல பதினொண்ணுலேருந்து ரெண்டு வரைதான். சனிக்கிழமை லீவு விடற கடையும் உண்டு. மலைப்பக்கத்து டூரிஸ்ட் ஊர்னா சனி ஞாயிறு திறந்து வெச்சுட்டு திங்கள், செவ்வாய் லீவு விடுவாங்க. கூகுள்ல போட்டிருக்கிற நேரத்தை நம்பாதீங்க, காலையில ஒரு போன் பண்ணுங்க. கேளுங்க. திரும்பத் திரும்ப இதைத்தான் சொல்றேன், கேளுங்க.

மூணாவது, இருபத்துநாலு பேர். நாப்பது பேர் உக்கார்ற கடைக்கு முன்னாடி சொல்லாம இருபத்துநாலு பேர். அடுப்புல ரெண்டு பேர், பரிமாற மூணு பேர். நாம போய் நாலு மேசையை இழுத்து ஒட்டிப் போட்டு, 'இவருக்கு வெங்காயம் வேண்டாம், குழந்தைக்குக் காரம் வேண்டாம், எங்களுக்கு எக்ஸ்ட்ரா ஸ்பைசி'ன்னு ஆரம்பிச்சா அந்தக் கிச்சன் அங்கயே படுத்துடும். ரெண்டு நாள் முன்னாடி போன் பண்ணுங்க. ஆறு ஆறு பேரா பிரிஞ்சு உக்காருங்க. பில் தனித்தனியா வேணும்னா ஆர்டர் சொல்றதுக்கு முன்னாடியே சொல்லுங்க, சாப்பிட்டு முடிச்ச பிறகு இல்ல. ஆறு இல்லன்னா எட்டுப் பேருக்கு மேல போனா பில்லுலயே 18லேருந்து 20 சதவீதம் டிப் சேர்த்துடுவாங்க, அதுக்கும் ஒரு புலம்பல் வீடியோவுல இருந்தது. டிப் வாங்குற பணியாளுக்கு அமெரிக்க மத்தியச் சட்டப்படி முதலாளி குடுக்க வேண்டிய குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 2.13 டாலர். 1991லேருந்து அதே 2.13தான். மீதியை நாம குடுக்கிற டிப்புலதான் அந்தப் பொண்ணு தேத்தணும். அப்புறம் அந்த ஊறுகாய் பாட்டில், புளியோதரை டப்பா. கடைக்குள்ள திறக்காதீங்க. ஸ்டேட் பார்க் பிக்னிக் மேசை எதுக்கு இருக்கு? அமிகலோலா அருவியில 604 படி ஏறி இறங்கிட்டு அங்க உக்காந்து திறந்தா புளியோதரைக்கே ஒரு மரியாதை வரும்.

'காசு குடுக்கிறோம், நாம ஏன் வளைஞ்சு போகணும்?'னு இன்னொரு கமெண்ட். இதுக்கெல்லாம் பதில் சொல்ற பொறுமை இன்னிக்கு எனக்கு இல்ல.

'சட்டப்படி எழுதணுமே'ன்னு ஒருத்தர் நீளமா எழுதியிருந்தார். இல்லைங்க. நம்ம ஊர் பாக்கெட்டுல இருக்கிற பச்சைப் புள்ளி இங்க கிடையாது. அலர்ஜி எச்சரிக்கைச் சட்டத்துல ஒன்பது பொருள் இருக்கு. பால், முட்டை, மீன், இறால்-நண்டு வகை, மரக்கொட்டைகள், வேர்க்கடலை, கோதுமை, சோயா, எள்ளு. பன்றி அதுல இல்ல. அந்தச் சட்டமும் பாக்கெட்டுல அடைச்சு விக்கிறதுக்குத்தான், தட்டுல போடற பீன்ஸுக்கு இல்ல.

'அவங்களுக்கு நம்மளப் பிடிக்காது, அதான் இப்படி'ங்கிற கமெண்ட்டை மட்டும் அப்படித் தள்ளிவிட முடியல. பயம் சும்மா வரல. நம்ம பாதிப் பேர் வீடு வாங்கியிருக்கிற இதே ஃபோர்சைத் கவுண்டியில 1912ல கறுப்பின மக்களை மொத்தமா துரத்தியிருக்காங்க. 1987ல அங்க நடந்த சமத்துவ ஊர்வலத்து மேல கல்லு விழுந்திருக்கு. சின்ன ஊருக்குள்ள நுழையும்போது தோள் கொஞ்சம் இறுகுதுன்னா நான் தப்பு சொல்லமாட்டேன். ஆனா அன்னிக்கு அந்த பீன்ஸ் எல்லார் தட்டுலயும் ஒரே பீன்ஸ்தான். அதுல வெறுப்பைத் தேடினா, நிஜமா வெறுப்பு வர்ற அன்னிக்கு நம்மள யார் நம்புவாங்க?

இன்னொண்ணு உறுத்துது, சொல்லிடறேன். நமக்கு ஊர்னா ஹெலன். 1969லேருந்து ஜெர்மனி வேஷம் போட்டு நிக்கிற ஊர். அங்க போய் போட்டோ, ஒரு ஃபனல் கேக், திரும்பி வந்து 'சவுத் பாத்தாச்சு'. பக்கத்துலயே டலோனிகா இருக்கு. 1836ல கட்டின கோர்ட் கட்டடம் இப்ப தங்க மியூசியம், செங்கல்லுலயே தங்கத் துகள் இருக்கு. தங்கத்துக்காக அங்க நாணயச்சாலை வேலையைத் தொடங்கின அதே 1838லதான் அங்க பூர்வகுடிகளான செரோக்கி மக்களை அந்த மண்ணை விட்டு விரட்டினாங்க. வாசல்ல நின்னு செல்ஃபி எடுக்கிறோமே, உள்ள யாராவது போறோமா? அதுவும் அக்டோபர் மூணாவது வார இறுதி, கோல்ட் ரஷ் விழா நடக்கிற நேரமாப் பாத்துப் போயிட்டு 'டிராஃபிக், பார்க்கிங் இல்ல, வேஸ்ட்'னு எழுதுவோம்.

சின்ன ஊர்ல வாயைத் திறந்து பேசினா என்ன கிடைக்கும்னு ஒரு கதை. ஊர்லேருந்து மகன் வீட்டுக்கு வந்த ஒரு அம்மா. ரோட்டோரத்துல 'பாயில்டு பீனட்ஸ்' போர்டைப் பாத்துட்டு வண்டியை நிறுத்தச் சொன்னாங்க. பெரிய அண்டா, உப்புத்தண்ணி, ஓட்டோட கடலை. ஒண்ணை உரிச்சு வாயில போட்டுட்டு, "இன்னும் கொஞ்சம் உப்புல ஊறியிருக்கலாம்"னு அந்தக் கடைக்காரர்கிட்டயே தமிழ்ல சொன்னாங்க. அவர் என்ன புரிஞ்சுக்கிட்டாரோ, அண்டாவோட அடியிலேருந்து ஒரு கரண்டி அள்ளிப் போட்டார். அதுதான் நல்லா ஊறினது. நாட்டுல விளையற கடலையில பாதிக்குப் பக்கம் ஜார்ஜியாதான், கேக்கணுமா? ஆகஸ்ட், செப்டம்பர்ல பச்சைக் கடலை கிடைக்கும், மூணு நாலு மணி நேரத்துல வெந்துடும். மத்த மாசத்துல காஞ்ச கடலையை ராத்திரி ஊறப்போட்டு வேகவெப்பாங்க, நேரம் இன்னும் கூட ஆகும். வாங்கினா அன்னிக்கே தின்னுடணும், இல்ல ஃபிரிட்ஜ். கார் சீட்டுல மறந்துட்டா மறுநாள் கொழகொழன்னு ஆயிடும். கேஜன் மசாலா வேண்டாம், சாதாவே வாங்குங்க.

இதெல்லாம் புதுசா சொல்றேனா? போன வருஷமே நம்ம குழுவுல எழுதினேன். எந்த ஊர், எந்த நாள், என்ன கேக்கணும்னு எல்லாமே. மூணு லைக். அதுல ஒண்ணு என் வீட்டம்மா. கத்தற வீடியோவுக்கு ஆயிரக்கணக்குல. பரவாயில்ல, லைக்குக்காக எழுதல. (எழுதலதான்.)

அந்த வீடியோவை இன்னொரு தடவை போட்டு, தட்டு கிட்டத்துல தெரியற இடத்துல நிறுத்திப் பாருங்க. பீன்ஸ், காலர்ட், காராமணி, ஸ்குவாஷ் காசரோல், ஓரத்துல கார்ன்பிரெட். அண்ணன் கத்திக்கிட்டே கார்ன்பிரெட்டை முக்கால்வாசி முடிச்சிருக்காரு. கை படாம அப்படியே இருக்கிறது ஸ்குவாஷ் காசரோல்தான். அந்தத் தட்டுலயே பன்றி படாம இருந்திருக்கக்கூடியது அது ஒண்ணுதான்.