ஆவணி மணலில் சவுக்கு நட வேண்டாம்

கடற்கரையில் வெறும் மணலைக் கண்டால் நமக்குக் கை சும்மா இருக்காது. ஒரு கன்றையாவது ஊன்றிவிட வேண்டும். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். பேனர், தண்ணீர் பாட்டில், மதியம் தக்காளி சாதம் என்று ஏற்பாடெல்லாம் பலமாக இருக்கும். கொள்ளிடம் கடலில் கலக்கிற இடத்தில், கொடியம்பாளையம் பக்கம் ஒரு மணல் திட்டில் சவுக்கு நடப்போகிறோம், வாருங்கள் என்று போன வாரம் வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. நான் வரவில்லை என்றேன். அதோடு நிறுத்தாமல் அங்கே நடவும் வேண்டாம் என்றேன். குழுவில் பாதிப் பேருக்குக் கோபம். "மரம் நடுறதையே எதிர்க்கிற ஆள இப்பத்தான் பாக்கறேன்" என்று ஒருவர். அங்கே இரண்டு வரியில் சொன்னதை இங்கே விரித்துச் சொல்கிறேன்.

அந்தப் பக்கம் பழக்கமில்லாதவர்களுக்காக: கொடியம்பாளையம் மயிலாடுதுறை மாவட்டத்துத் தீவு கிராமம். ஒரு பக்கம் கொள்ளிடம், ஒரு பக்கம் பிச்சாவரத்து உப்பங்கழி, கிழக்கே கடல். சீர்காழியிலிருந்து சாலை வழியாகப் போக வேண்டுமென்றால் கடலூர் மாவட்டத்துக்குள் புகுந்து சுற்றித்தான் சொந்த மாவட்டத்து ஊரைத் தொட முடியும். முகத்துவாரத்தில் சின்னதும் பெரிதுமாகத் திட்டுகள். எந்தத் திட்டும் போன வருஷம் இருந்த மாதிரி இந்த வருஷம் இருக்காது. 2018, 2022 ஆகஸ்டு மாதங்களில் மேட்டூர் நிரம்பி உபரி நீர் கொள்ளிடத்தில் திரண்டு வந்ததே, அப்படி ஒரு வெள்ளம் போதும், மணலும் வண்டலும் இடம் மாறிவிடும்.

டெல்டா கடற்கரைக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள் மார்கழி, தையில் வருவார்கள். கோடியக்கரையில் பூநாரைக் கூட்டத்தை மொபைலில் பிடித்துக்கொண்டு போவார்கள். தப்பில்லை. ஆனால் என்னைக் கேட்டால் ஆடிக் கடைசியும் ஆவணியும்தான் காலம். வெயில் இன்னும் இறங்கியிருக்காது, கச்சான் காற்று மட்டும் கொஞ்சம் தணிந்திருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் அந்தத் திட்டில் ஒன்றுமே இல்லை. அதனால்தான் நடுகிறவர்கள் கண்ணுக்கு அது தரிசாகத் தெரிகிறது.

முதலில் பூச்சியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் யாரும் அதிலிருந்து தொடங்குவதில்லை. சாயங்காலம் நாலரை, ஐந்து மணிக்குத் திட்டின் மேற்குப் பக்கம் நின்றால் தலைக்கு மேலே மஞ்சள் தட்டான்கள். உட்காரவே உட்காராது. காற்றிலேயே மிதந்தபடி கொசுவைப் பிடித்துத் தின்னும். "தும்பி பறந்தால் தூரத்தில் மழை" என்று நம் பாட்டிமார் சொன்னதில் விஷயம் இருக்கிறது. இந்த இனம் மழையை ஒட்டியே ஊர் விட்டு ஊர் போகிறது. மழைத் தண்ணீர் தேங்கிய குட்டையில் முட்டையிடும். குட்டை வற்றுவதற்குள், ஒன்றரை இரண்டு மாதத்துக்குள், குஞ்சு வளர்ந்து சிறகு முளைத்துக் கிளம்பிவிடும். இதே தட்டான்கள் இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போவதாக சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர் 2009இல் எழுதினார். போவதும் வருவதுமாகப் பல தலைமுறை சேர்ந்து முடிக்கிற பயணம் அது.

தட்டான் இருக்கிற இடத்துக்கு நீலவால் பஞ்சுருட்டான் வந்துவிடும். பட்ட கிளையிலோ, வலை கட்டும் கழியிலோ உட்கார்ந்திருந்து ஒரே பாய்ச்சலில் பிடிக்கும். பிடித்ததை உடனே விழுங்காது. கழியில் இரண்டு அடி அடித்து, இறக்கை உதிர்ந்த பிறகுதான் உள்ளே தள்ளும். தேனீயாக இருந்தால் கொடுக்கைத் தேய்த்து எடுத்துவிட்டுத் தின்னும். பிறகு தகைவிலான்கள். மணலை ஒட்டித் தாழப் பறந்து பறந்து திரும்பும்.

இன்னொன்று இருக்கிறது. குனிந்து பார்த்தால்தான் தெரியும். மணல் மேட்டின் விளிம்பில் தேள்கொடுக்குச் செடி முளைத்துக் காய்ந்து கிடக்கும். பூ இல்லை, பச்சை இலை இல்லை, வெறும் சருகு. அதில் கரும்பழுப்பு வண்ணத்துப்பூச்சிகள் பத்துப் பதினைந்து அப்பிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் ஆண். காய்ந்த தண்டில் உறிஞ்சு குழலை வைத்து ஈரமாக்கி, அதில் கரைந்து வருகிற ஆல்கலாய்டு என்ற வேதிப்பொருளை உறிஞ்சும். பெண்ணை மயக்கும் மணத்தை அதிலிருந்துதான் செய்துகொள்கிறது. பறவைக்கு அது கசப்பு, அதனால் உயிருக்கும் காவல். அந்த நேரம் கையால் தொட்டால்கூடச் சட்டென்று எழுந்து போகாது, அவ்வளவு மும்முரம். நடவுக்கு முன்னால் "களை எடுத்துச் சுத்தம் செய்கிறோம்" என்று முதலில் பிடுங்கிப் போடுவது இந்தச் சருகைத்தான். பக்கத்தில் எருக்கு நின்றால் அதற்கும் அதே கதி. கறுப்பு வெள்ளை மஞ்சள் பட்டை போட்ட புழு அதில்தான் மேயும்.

சரி, திட்டை ஒட்டிக் கடல் ஏறி இறங்குகிற சேற்றுக்கு வருவோம். கொசு உள்ளான் என்று ஒரு பொடிப் பறவை. எடை 20, 30 கிராம்தான். வட துருவத்தை ஒட்டிய தூந்திர நிலத்தில் முட்டையிட்டுவிட்டு ஆடி ஆவணியில் நம் சேற்றுக்கு வந்து இறங்குகிறது. எங்களைப் படகில் கூட்டிப்போகும் அண்ணன் அது மேய்வதைப் பார்த்துவிட்டு, "தம்பி, தையல் மெஷின் ஊசி எறங்குற மாதிரி இருக்கு பாருங்க" என்றார். அதைவிடப் பொருத்தமாக நான் எழுதிவிட முடியாது. ஊசி இறங்குகிற ஒவ்வொரு இடத்திலும் ஈயின் புழுவோ, மண்புழு மாதிரி ஏதோ ஒன்றோ சிக்குகிறது.

அதன் கூடவே அலகு கீழ்நோக்கி வளைந்த ஓர் உள்ளான் வரும். மார்கழியில் பார்த்தால் வெறும் சாம்பல் நிறம். ஆவணியில் வந்து இறங்கும்போது மார்பில் செங்கல் சிவப்பு இன்னும் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கும், சைபீரியக் கோடையில் ஜோடி சேரப் போட்ட உடுப்பு அது. முதலில் வருவது ஆண்கள், பின்னால் பெண்கள். குஞ்சுகள் கடைசியில், தாய் தகப்பன் துணையில்லாமல், வழி காட்ட ஆளில்லாமல் தாமே வந்து சேர்கின்றன. அங்கே லெம்மிங் என்ற எலி குறைந்துபோன வருஷத்தில் நரி பசிக்குப் பறவைக் குஞ்சுகளைத் தின்றுவிடும். அப்படிப்பட்ட வருஷம் இங்கே வரும் இளம் பறவைகளும் குறையும் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். சைபீரியாவில் எலி குறைந்ததைக் கொள்ளிடத்துச் சேற்றில் நின்று தெரிந்துகொள்ளலாம், யோசித்துப் பாருங்கள்.

இப்போது சவுக்குக்கு வருகிறேன். சேற்றில் யாரும் நடப்போவதில்லை, மணல் மேட்டில்தானே என்று கேட்டார்கள். விஷயமே அந்த மேட்டில்தான் இருக்கிறது. நம் கரையில் கடல் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் சேறு தட்டையாக இருப்பதால் அந்தக் கொஞ்சம் ஏறினாலே மேய்கிற இடம் மொத்தமும் முங்கிவிடும். தண்ணீர் வடிகிற வரை இந்தப் பறவைகள் ஒட்டுமொத்தமாக வந்து ஒதுங்குவது அந்த வெற்று மணல் மேட்டில். சுற்றிலும் நாலு பக்கமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ராஜாளி வந்தால் தூரத்திலேயே தெரிய வேண்டும். மரம் நின்றால் அங்கே இறங்காது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து, கொழுப்பெல்லாம் கரைந்து, பழைய இறகு உதிர்ந்து புது இறகு முளைக்கிற நேரத்தில் அதை இடம் தேடி அலைய விடுகிறோம்.

அது போக, நம் கரையிலேயே ஆண்டு முழுக்க இருக்கிற உப்புக்கொத்தி ஒன்று உண்டு. கூடு கட்டாது. மணலில் ஒரு சின்னப் பள்ளம், அதில் மணல் நிறத்திலேயே முட்டை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் அந்தப் பறவை தனி இனம் என்று 2023இல்தான் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். அனுமன் பெயரையே வைத்திருக்கிறார்கள். சவுக்கு வந்தால் காகத்துக்கு உட்கார்ந்து நோட்டம் பார்க்கக் கிளை கிடைக்கும். பிறகு முட்டை எங்கே, குஞ்சு எங்கே? உதிர்கிற சவுக்கு ஊசி மெத்தையாக மூடினால் அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் தலைதூக்காது. மணலைப் பிடித்து வைத்திருப்பதே அவை இரண்டும்தான்.

சுனாமியை மறந்துவிட்டீர்களா என்பார்கள். மறக்கவில்லை. 2004க்குப் பிறகு நம் கரை நெடுகச் சவுக்கு நட்டார்கள், அந்தப் பயம் எனக்கும் புரிகிறது. ஆள் குடியிருக்கிற ஊருக்கும் கடலுக்கும் நடுவில், ஊரை ஒட்டி, புன்னை, பனை, தாழை என்று நடுங்கள். குழி வெட்ட நானும் வருகிறேன். சவுக்கின் மேலும் எனக்குப் பகை இல்லை. எங்கள் கொல்லையிலேயே போட்டிருக்கிறோம், போன தடவை வெட்டியதில் நல்ல விலை. ஆள் இல்லாத, வெள்ளத்துக்கு வெள்ளம் இடம் மாறுகிற திட்டில் நட்டு யாரைக் காப்பாற்றப் போகிறோம்?

ஏற்பாட்டாளர்களில் ஒருவர் நேற்று போனில் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க சொல்றது சரியா இருக்கலாம் சார். ஆனா கன்று வந்து இறங்கிருச்சு, நன்கொடை குடுத்தவங்க போட்டோ கேக்கறாங்க." கன்றுகளை ஊருக்குள் பள்ளிக்கூடம், சுடுகாட்டுப் பாதை, குளக்கரை என்று பிரித்து நடலாம், போட்டோவும் நன்றாக வரும் என்றேன். கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அவர் சொல்கிற வரைக்கும், கன்று கொடுத்தவர்களில் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இந்தப் பதிவை அவர்களுக்கு அனுப்பி வையுங்கள். நடவு ஞாயிற்றுக்கிழமை.