கடலைக் கடலாகப் பார் என்பவர்களுக்கு

நேற்று அந்த ஓவியக் குழுவில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும். ஆங்கில ஓவியர் டர்னரின் 'அடிமைக் கப்பல்' ஓவியத்தின் அடிப்பகுதியை நறுக்கிவிட்டு மேல்பாதியை மட்டும் "என்ன ஒரு அந்தி!" என்று போட்டார்கள். முழுப் படத்தையும் போடுங்கள் என்று கேட்டேன். "கடலைக் கடலாகப் பாருங்க, எதுக்கெடுத்தாலும் அரசியலைத் திணிக்காதீங்க" என்று பதில் வந்தது, அதற்கு லைக் மேல் லைக். அப்புறம் என்னைக் குழுவிலிருந்தே தூக்கிவிட்டார்கள்.

நான் எதையும் திணிக்கவில்லை. வரைந்தவரே வைத்திருக்கிறார்.

நறுக்கி எறிந்த பகுதியில், வலது கீழ் மூலையில், ஒரு கால் இருக்கிறது. கணுக்காலில் இரும்பு விலங்கு. உடம்பு தண்ணீருக்குள் போய்விட்டது, கால் மட்டும் வெளியே நிற்கிறது, அதை மீன்கள் மொய்க்கின்றன, பறவைகள் வந்து இறங்குகின்றன. கொஞ்சம் தள்ளி அலைகளுக்கு நடுவே கைகளும் சங்கிலிகளும். 1840இல் லண்டன் ராயல் அகாடமியில் இதை வைத்தபோது, செத்தவர்களையும் சாகப்போகிறவர்களையும் கடலில் வீசும் அடிமை வியாபாரிகள் என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார் மனிதர். இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்?

இந்தப் படத்தோடு சேர்த்துப் பேசப்படும் சம்பவம் ஒன்று உண்டு. 1781இல் சாங் என்ற பிரிட்டிஷ் அடிமைக் கப்பலிலிருந்து 130க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைக் கடலில் தள்ளினார்கள். நோயில் செத்தால் காப்பீட்டுப் பணம் வராது, 'சரக்கை' வேறு வழியில்லாமல் வீசியதாகச் சொன்னால் வரும். 1783இல் லண்டனில் நடந்தது காப்பீட்டு வழக்கு. கொலை வழக்கு என்று யார் மேலும் நடக்கவில்லை. "டர்னர் வரைந்தது சாங்தானா என்று ஆய்வாளர்களே அடித்துக்கொள்கிறார்கள்" என்று ஒருவர் இன்பாக்ஸில் வந்தார். அடித்துக்கொள்ளட்டும், அந்தக் காலில் விலங்கு இருக்கிறதா இல்லையா?

"பிரிட்டனில் 1833லேயே அடிமை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டதே, முடிந்த கதைதானே?" என்பார்கள். அந்தச் சட்டம் 2 கோடி பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது முதலாளிகளுக்கு, அடிமையாக இருந்தவர்களுக்கு ஒரு காசு இல்லை. மற்ற நாட்டுக் கப்பல்களில் வியாபாரம் நடந்துகொண்டேதான் இருந்தது. "டர்னரே 1805இல் ஜமைக்காவில் அடிமைகள் உழைத்த பண்ணையில் பணம் போட்டவர்தானே?" ஆமாம், போட்டார். எனக்கும் அது கசக்கத்தான் செய்கிறது. அதனால் இந்தப் படத்தில் அரசியல் கூடுகிறதே தவிர குறையவில்லை.

இதெல்லாம் எனக்குப் புதிதும் இல்லை. ஓவியக் கல்லூரியில் இந்தப் படத்தைப் பற்றித் தேர்வில் எழுதினேன், காப்பீட்டு வழக்கையும் சேர்த்துத்தான். "வண்ணத்தைக் கேட்டேன், வரலாற்றை அல்ல" என்று சிவப்பு மையில் எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தார் ஆசிரியர். படத்தில் அந்தச் சிவப்பு எதற்காகப் பூசப்பட்டது என்பதைத்தான் ஐயா நான் எழுதியிருந்தேன்! நேற்று அதே வலிதான்.

அந்தக் காலத்துக் கலை விமர்சகர் ரஸ்கினே அப்படித்தான் செய்தார். டர்னர் வரைந்ததிலேயே உன்னதமான கடல் இதுதான் என்று பக்கம் பக்கமாக உருகியவர், கடலில் வீசப்படுகிறவர்களை ஓர் அடிக்குறிப்பில் தள்ளிவிட்டார். அவராவது அடிக்குறிப்பு போட்டார். நீங்கள் அதையும் கத்தரித்துவிட்டு, ரசனை இல்லாதவள் என்று என்னைச் சொல்கிறீர்கள். அந்தக் கடல் நிறத்தைப் பார்த்துத் தூக்கம் கெட்டவள் நான். எனக்கா ரசனை இல்லை?

மன்னிப்புக் கேட்டால் திரும்பச் சேர்ப்பார்களாம். கேட்க மாட்டேன். முதலில் முழுப் படத்தையும் போடட்டும், தலைப்போடு சேர்த்து.