இரண்டு தலையணை, ஒரு நாற்காலி

போன சனிக்கிழமை தோழி ஒருத்தி கேட்டாள்: "யோகா வகுப்புல முழுக்கப் படுத்தேதான் இருப்பீங்களாமே, அதுக்குக் காசு வேறயா?" சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது. இங்கே எழுதித் தீர்த்துவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

ஆமாம், படுத்துத்தான் இருப்போம். ரெஸ்டோரேட்டிவ் யோகா, அதாவது உடம்புக்கு ஓய்வு கொடுக்கும் யோகா. ஒன்றேகால் மணி நேரத்தில் நான்கே நான்கு நிலைகள். ஒவ்வொன்றிலும் பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல் கிடக்க வேண்டும்.

நான் மொரீஷியஸில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். இருபத்திரண்டு வருடம் ஆகிறது. வீட்டில் பேச்சு கிரியோல், அலுவலகத்துக் காகிதம் பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ. தமிழ் எனக்குப் பிழைப்பும் ஆசையும். எனக்கென்று ஓர் அறை கிடையாது. பையைத் தூக்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போவேன். போன வருடம் இரண்டாம் பருவத்தில் ஒருநாள் மாலை நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தபோது, ஒரு பிள்ளை 'மரம்' என்று எழுதியிருந்தான். அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். சின்ன ர-வா, பெரிய ற-வா? எனக்குத் தெரியவில்லை. 'மறம்' என்றும் ஒரு சொல் உண்டே, அதனால்தான் குழப்பம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு அப்படியே இருந்தேன். வெளியே இருட்டியதுகூடத் தெரியவில்லை.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். தைராய்டு சரி, ரத்தச்சோகை இல்லை, சர்க்கரையும் இல்லை. பத்து நாள் ஓய்வு எழுதிக்கொடுத்தார். அந்தப் பத்து நாளில் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டிலுள்ள திரைச்சீலை அத்தனையும் துவைத்தேன். அலமாரியை இறக்கி அடுக்கினேன். பதினோராம் நாள் போனதைவிட மோசமாகப் பள்ளிக்குத் திரும்பிப் போனேன்.

தமிழில் இதற்கெல்லாம் நல்ல சொற்கள் உண்டு. களைப்பு தூங்கினால் போய்விடும். அசதி இரண்டு நாள் ஒட்டிக்கொண்டிருக்கும். சலிப்பு மனசின் சங்கதி. இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து போக மறுப்பதைத்தான் இப்போது பர்ன்அவுட் என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பில் இதைச் சேர்த்தபோதும் நோய் என்று சொல்லவில்லை, வேலையால் வரும் நிலை என்றே வகைப்படுத்தியது. அதற்கு மூன்று அடையாளம் சொல்கிறார்கள்: சக்தியெல்லாம் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனசு விலகிக் கசந்துபோவது, நாம் ஒன்றும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற எண்ணம். படித்தபோது என்னைப் பார்த்து எழுதியது போலவே இருந்தது. குறிப்பாக இரண்டாவது. "மிஸ், மிஸ்" என்று ஓடிவரும் பிள்ளைகளைக் கண்டால் எரிச்சல் வந்தது எனக்கு. வெளியே சொல்லவே கூசியது.

கத்ர் போர்ன் என்ற எங்கள் தீவின் ஊரில் ஒரு மாடி அறையில் இந்த வகுப்பு நடக்கிறது. முதல் நாள் போனபோது சாக்கு மூட்டை மாதிரி நீள நீளமான தலையணைகள், மடித்த கம்பளிகள், நாற்காலிகள். ஏதோ கல்யாண வீட்டுக்கு ஆள் வந்து தங்குவதற்கு ஏற்பாடு போல இருந்தது. நீளத் தலையணையை முதுகெலும்புக்கு நேராக வைத்து அதன்மேல் மல்லாந்து சாய்ந்து, இரண்டு உள்ளங்கால்களையும் சேர்த்து, முழங்கால்கள் தொங்காமல் ஆளுக்கொரு தலையணை முட்டுக்கொடுத்து, கண்மேல் ஒரு துணிப்பை. சுப்த பத்த கோணாசனம் என்று பெயர். பெயர்தான் பெரிசு. உடம்பின் எந்த மூலையும் தன்னைத் தானே தாங்கிக்கொள்ளக் கூடாது, அதுதான் கணக்கு. எங்கே தொங்கலாக இருக்கிறதோ அங்கே ஒரு துணி.

பத்து நிமிடம் கழித்து டீச்சர் அருகில் வந்து உட்கார்ந்து, என் வலது கையை மெல்லத் தொட்டார். அப்போதுதான் கவனித்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்திருந்தன. பேனாவே இல்லாமல் பேனா பிடித்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறேன்! இருபத்திரண்டு வருடப் பிடி. அந்தப் பிடி தளர நாலு வகுப்பு ஆயிற்று.

இதில் மந்திரமாயம் ஒன்றும் இல்லை. மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றே கூடும், விடும்போது சற்றே குறையும். விடும் மூச்சை நிதானமாக நீட்டினால், மூளையையும் இதயத்தையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாக உடம்புக்கு 'ஆபத்து ஒன்றுமில்லை' என்று செய்தி போகிறது. தசைக்குத் தாங்கும் வேலை இல்லை, கண்ணுக்கு வெளிச்சம் இல்லை, உடம்பு குளிராமல் ஒரு கம்பளி. அவ்வளவுதான். பதினைந்தாம் நூற்றாண்டு யோக நூலான ஹடயோகப் பிரதீபிகையே, மல்லாந்து அசையாமல் கிடக்கும் சவாசனத்தைப் பற்றிச் சொல்லும்போது, களைப்பை நீக்கி மனசுக்கு ஓய்வு தருவது என்றுதான் சொல்கிறது. தலைகீழாக நிற்பவர்களின் படத்தைப் பார்த்துப் பார்த்து நமக்குத்தான் அது மறந்துபோயிற்று.

இந்தத் தலையணை, நாற்காலி சங்கதியெல்லாம் பெரும்பாலும் பி.கே.எஸ். ஐயங்கார் வழி வந்தது. 1918-இல் விஷக்காய்ச்சல் பரவிய காலத்தில் பிறந்தவர். சின்ன வயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று ஒன்று பாக்கியில்லை. அக்கா வீட்டுக்காரரான கிருஷ்ணமாச்சாரியிடம் மைசூரில் யோகம் கற்றார். வளையாத உடம்பும் நோயான உடம்பும் ஆசனத்துக்கு வர வேண்டும் என்று பிற்பாடு புனேயில் கயிறு, கட்டை, நாற்காலி எல்லாம் புகுத்தினார். அவருடைய மாணவி, அமெரிக்க இயன்முறை மருத்துவர் ஜூடித் லாசட்டர் அதிலிருந்து ஓய்வுப் பகுதியை விரித்தெடுத்துப் பரப்பினார். நோயாளிப் பிள்ளையாக இருந்த ஒருவரின் தடம் இதில் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, தோழியின் கேள்விக்கு வருகிறேன். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அது எங்கள் எல்லாருடைய கேள்வி. தைப்பூசக் காவடிக்கு இந்தத் தீவில் அரசு விடுமுறை. பத்து நாள் விரதம் இருந்து, நாக்கிலும் கன்னத்திலும் வேல் குத்தி, வெயிலில் மைல் கணக்கில் நடக்கிறோம். ஆணிச் செருப்பு போட்டு நடப்பவர்களும் உண்டு. நானும் பதினோரு தடவை பால்குடம் எடுத்திருக்கிறேன், அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் உடம்பை வருத்தத் தெரிந்த அளவுக்கு அதைக் கிடத்த எங்களுக்குத் தெரியவில்லை. பகலில் ஒரு பெண் படுத்திருந்தால் ஒன்று காய்ச்சல், இல்லாவிட்டால் 'பரேஸ்'. சோம்பேறிக்கு கிரியோலில் அதுதான் சொல். என் பாட்டி வாயில் அது வசவு.

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கரும்புத் தோட்டத்துக்கு எங்கள் முன்னோரை ஒப்பந்தத்தில் கொண்டுவந்த காலத்தில் 'டபுள் கட்' என்று ஒரு வழக்கம் இருந்தது. ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடித்தம். படுத்தால் கையிலுள்ளதும் போகும் என்று தலைமுறை தலைமுறையாகப் பழகிய வீட்டில், சும்மா கிடப்பது குற்றமாகப் படாமல் வேறெப்படிப் படும்? பாட்டி திட்டியபோது எனக்கு இதெல்லாம் தெரியாது. இப்போது அந்த வசவில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் கேட்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைச் சொல்லாமல் விட்டால் நான் யோகா விற்பவள் ஆகிவிடுவேன். அக்கா மகள் இங்கே எபேன் என்ற இடத்தில் ஒரு கால் சென்டரில் வேலை செய்கிறாள். வாடிக்கையாளர்கள் பிரான்சில். அங்கே குளிர்காலத்தில் மாலை ஏழு மணி என்றால் இங்கே இரவு பத்து. போன வருடம் அவர்கள் அலுவலகத்தில் மதியம் அரைமணி யோகா வைத்தார்கள், ஆளுக்கு ஒரு பாய் இலவசம். டார்கெட் மட்டும் ஓர் அழைப்புகூடக் குறையவில்லை. யோகாவுக்குப் போன அரைமணியை மாலையில் கூடுதலாக உட்கார்ந்து ஈடுகட்டச் சொன்னார்களாம். இதற்கு என்ன பெயர் வைப்பது? ஆளைப் பிழிகிற வேலையை அப்படியே வைத்துக்கொண்டு மூச்சை மட்டும் நீட்டச் சொல்வது அக்கிரமம். எனக்கு உதவியதில் பாதி தலையணை என்றால், மீதிப் பாதி தலைமையாசிரியரிடம் போய் இரண்டு கூடுதல் பொறுப்புகளை முடியாது என்று திருப்பிக் கொடுத்தது. அதைச் சொல்லக்கூடத் தெம்பு வேண்டியிருந்தது. அந்தத் தெம்பு வகுப்பில் கிடைத்தது என்பது வேறு விஷயம்.

வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு: தரையில் படுத்து, முழங்காலிலிருந்து பாதம் வரை நாற்காலியின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு மடித்த துண்டு. இதிலிருந்து தொடங்குங்கள். சுவரில் காலை நீட்டுவது அதற்கப்புறம். கண் அழுத்தநோய் உள்ளவர்கள், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள், சர்க்கரையால் கண் ரத்தக்குழாய் கெட்டவர்கள் காலைத் தூக்கும் முன் டாக்டரைக் கேட்டுவிடுங்கள். சர்க்கரை நோய் மலிந்த எங்கள் ஊரில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாதம் ஏறிய கர்ப்பிணிகள் மல்லாந்து கிடக்க வேண்டாம், இடதுபக்கம் ஒருக்களித்துக் கொள்ளலாம். படுத்தால் படபடப்பு கூடுகிற ஆட்களும் உண்டு. அவர்கள் கண்ணைத் திறந்தே வைத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் எழுந்துவிடலாம். மாதக்கணக்கில் மனசு தேறாவிட்டால் தலையணையை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.

அப்புறம் ஒரு வேடிக்கை. யோகா தினம் ஜூன் 21. இந்தியாவில் வருடத்தின் மிக நீண்ட பகல். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும் எங்களுக்கு மிகக் குறுகிய பகல். கத்ர் போர்னில் அன்றைக்குத் தூறலும் குளிருமாக இருக்கும். இருந்தும் விடியற்காலையில் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு சூரிய நமஸ்காரம்! சூரியனே படுத்திருக்கிற நாளில் நாமும் கொஞ்சம் படுத்திருக்கலாம்.

முதல் தடவை வீட்டில் நான் நாற்காலியில் காலைப் போட்டுக் கிடந்ததை அம்மா வாசலில் நின்று பார்த்தார். "கி தோ பே ஃபேர்?" என்றார். என்னடி பண்றே என்று அர்த்தம். யோகா என்றேன். "இதுவா?" என்று உள்ளே போய்விட்டார். அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது, இரண்டு முழங்காலும் வலி. நான் எதுவும் சொல்லவில்லை. நாற்காலியை மட்டும் எடுத்து வைக்காமல் அங்கேயே விட்டிருந்தேன்.

போன ஞாயிறு சமையலறையில் இருந்தேன். கூடத்தில் தொலைபேசி அடித்தது. எட்டிப் பார்த்தால் அம்மா தரையில், கால் இரண்டும் நாற்காலியில், கண்மேல் என் பழைய காவடிச் சேலையில் தைத்த அரிசிப் பை. கண்ணைத் திறக்காமலே பக்கத்தில் துழாவிப் போனை எடுத்தார். பெரியம்மா போல. என்ன செய்கிறாய் என்று கேட்டிருக்க வேண்டும்.

"வேலையா இருக்கேன், அப்புறம் கூப்பிடு" என்று வைத்துவிட்டார்.