பிரசிடெண்ட் இல்லாத ஊருக்கு ஓட்டுக் கேட்டு வருகிறார்கள்

2026 சட்டமன்றத் தேர்தல் பிரசாரம் சூடுபிடித்துவிட்டது. வேட்பாளரின் வேன் ஊருக்குள் வரும்போது நம் ஜனங்கள் என்ன கேட்கிறார்கள் என்று கொஞ்சம் காது கொடுத்துப் பாருங்கள். எங்கள் பக்கம், புதுக்கோட்டை மாவட்டத்தில், நான் கேட்டவரை இவைதான்: டேங்க் மோட்டார் ரிப்பேர், தெரு விளக்கு எரியவில்லை, வாய்க்கால் அடைத்துக் கிடக்கிறது, சுடுகாட்டுக்குப் போகப் பாதை இல்லை. ஆரத்தித் தட்டோடு நின்ற ஒரு அக்கா, "குடிதண்ணிக்கு ஒரு வழி பண்ணிட்டுப் போங்க தம்பி"ன்னு கேட்டதும், வேட்பாளர் கும்பிட்டபடியே, "ஜெயிச்சு வந்ததும் முதல் வேலை அதாம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

அந்த முதல் வேலை எம்எல்ஏவின் வேலையே இல்லை. குடிநீர், தெரு விளக்கு, வடிகால், ஊருக்குள் இருக்கும் சாலை, சுடுகாடு, குப்பை எல்லாம் 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சியின் பொறுப்பு. சட்டமன்றத்தில் போய்ச் சட்டம் இயற்ற வேண்டியவரிடம் நாம் பல்பு மாட்டித் தரச் சொல்கிறோம், அவரும் மாட்டித் தருகிறேன் என்கிறார். ஜனங்களைக் குறை சொல்ல மாட்டேன். கேட்பதற்கு ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? ஊராட்சித் தலைவர் என்கிற பிரசிடெண்ட் இல்லை, வார்டு மெம்பர் இல்லை. வாராதுவந்த மாமணி மாதிரி வந்து நிற்பவர் வேட்பாளர் ஒருவர்தான்.

நகரத்தில் இருக்கும் நண்பர்கள் பலருக்கு இந்த விஷயமே தெரியவில்லை என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. இதில் 27 மாவட்டங்களுக்கு 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் தேர்தல் நடந்தது. ஆளுக்கு நாலு ஓட்டு, நாலு கலரில் சீட்டு. வார்டு மெம்பர், தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று ஏறத்தாழ 92 ஆயிரம் பதவிகள். அவர்களின் ஐந்தாண்டுக் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அன்றைக்கு இரவோடு இரவாக அத்தனை நாற்காலிகளும் காலியாகிவிட்டன. அதற்குப் பிறகு, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பதிலாக அரசு உட்காரவைக்கும் தனி அலுவலர் ஆட்சிதான். கிராம ஊராட்சிக்குத் தனி அலுவலர் என்றால் யூனியன் ஆபீஸில் இருக்கும் பிடிஓ, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர். மாநிலம் முழுக்க 388 ஒன்றியங்கள். கணக்குப் போட்டால் ஒரு ஒன்றியத்துக்குச் சராசரியாக முப்பது ஊராட்சிகளுக்கு மேல் வருகிறது. அத்தனை ஊருக்கும் அவர் ஒருவரே பிரசிடெண்ட். நல்ல மனிதராகவே இருக்கட்டும், எந்த ஊரில் எந்த வால்வு உடைந்திருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இதே மாதிரி வேறொன்றை யோசித்துப் பாருங்கள். சட்டமன்றத்தின் ஐந்தாண்டு முடிகிறது. "தொகுதி மறுவரையறை பாக்கி இருக்கிறது, அதுவரை எம்எல்ஏ வேலையைக் கலெக்டர்களும் தாசில்தார்களும் பார்த்துக்கொள்ளட்டும்" என்று ஒரு அறிவிப்பு வருகிறது. டிவி விவாதம் எத்தனை நாள் ஓடும்! ஜனநாயகப் படுகொலை என்று எத்தனை போஸ்டர் ஒட்டுவார்கள்! ஆனால் 92 ஆயிரம் பதவிகள் காலியானபோது செய்தித்தாளில் உள்பக்கத்தில் நாலு பத்தி வந்ததோடு சரி.

அரசியலமைப்பில் இதற்கு மழுப்பலே இல்லை. 243-E பிரிவு ஊராட்சியின் காலம் ஐந்தாண்டு, அதற்கு மேல் இல்லை என்கிறது. அந்தக் காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடித்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 2006-இல் அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது. இயற்கைப் பேரிடர் போன்ற தவிர்க்க முடியாத நிலைமை தவிர வேறு எதைக் காட்டியும் தள்ளிப்போடக் கூடாது. இந்தத் தடவை காரணமாகச் சொன்ன வார்டு பிரிப்பதும் இடஒதுக்கீடு முடிவு செய்வதும் ஐந்து வருடம் முன்னாலேயே தெரிந்த வேலைகள்; திடீரென்று வந்த வெள்ளமா அது?

கட்சிக்காரர்கள் இதைப் படித்துவிட்டு, "பார்த்தீர்களா, அவர்கள் ஆட்சி லட்சணத்தை" என்று ஷேர் செய்ய வேண்டாம். 2016 அக்டோபரில் காலம் முடிந்தபோது ஆட்சியில் இருந்தது அதிமுக. தேர்தல் அறிவிப்பு வந்தது, இடஒதுக்கீடு விவகாரத்தில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஒரு நியாயமான காரணம் கிடைத்ததா, அதை வைத்தே மூன்று வருடம் ஓட்டினார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சட்டமன்றத்தில் ஒரு மசோதா. தனி அலுவலர் பதவிக்காலம் நீட்டிப்பு. அப்போது எதிர்க்கட்சியாக இருந்த திமுக தினம் தினம் கேள்வி கேட்டது. 2025-இல் காலம் முடிந்தபோது ஆட்சியில் திமுக, கேள்வி கேட்டது அதிமுக. வசனத்தாளை மாற்றி வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். இன்னும் பின்னால் போனால் சென்னை மாநகராட்சி 1973-இலிருந்து 1996 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாமல் இருந்தது. அந்த 23 வருடத்தில் இரண்டு கழகங்களும் கோட்டையில் உட்கார்ந்து எழுந்தாயிற்று.

எங்கள் ஊர் டீக்கடையில் இரண்டு பக்கத்துக் கிளைச் செயலாளர்களும் ஒன்றாக மாட்டினார்கள். "ஏண்ணே, ஊராட்சித் தேர்தல் எப்ப?" என்று கேட்டேன். ஆளுங்கட்சி அண்ணன், "எல்லை பிரிக்கிற வேலை நடக்குதுல்லப்பா" என்றார். எதிர்க்கட்சி அண்ணன், "நாங்க வந்தா உடனே வைப்போம்" என்றார். 2016-க்கு அப்புறம் ஏன் வைக்கவில்லை என்றால், "அது கோர்ட்டு விவகாரம்பா." சொல்லிவிட்டு இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் இந்த ஒரு விஷயத்தில்தான் கூட்டணி பலமாக இருக்கிறது.

ஏன் யாருக்கும் அவசரமில்லை என்பதில் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. பிரசிடெண்ட் இல்லாத ஊரில் எம்எல்ஏதான் ராஜா. அவருக்கு வருடத்துக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது. பேருந்து நிழற்குடை கட்டி, பயணிகள் உட்காரும் இடத்தைவிடப் பெரிதாகத் தன் பெயரை எழுதிக்கொள்ளலாம். ஊராட்சி வேலைக்கு யாருக்கு டெண்டர் என்பதை அதிகாரியிடம் சொல்லி முடித்துக்கொள்வது சுலபம். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் என்றால் முரண்டு பிடிப்பார், கிராம சபையில் தீர்மானம் போடுவார், நாளைக்கு அவரே சீட்டுக் கேட்டு வந்து நிற்பார். போட்டியை வளர்த்துவிட எந்த மாவட்டச் செயலாளருக்கு மனசு வரும்?

இதில் போகும் பணம் தனிக்கணக்கு. மத்திய நிதிக்குழு மானியம் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிகளுக்குத்தான். மன்றம் இல்லையென்றால் நிற்கும். 2016-க்குப் பிறகும் இப்படித்தான் நின்றது. மாநில உரிமை, நிதிப் பகிர்வு என்று டெல்லியிடம் நாம் கேட்கும் நியாயம் முழுக்கச் சரிதான். ஆனால் சென்னையிலிருந்து கிராமத்துக்கு அதிகாரம் இறங்க வேண்டிய இடம் வந்ததும் அந்த நியாயம் காணாமல் போய்விடுகிறது.

"பிரசிடெண்ட் மட்டும் யோக்கியமா?" என்று கேட்பீர்கள். எனக்கும் தெரியும். கமிஷன் உண்டு. பதவியை ஏலம் விட்டு, போட்டியே இல்லாமல் கொடுத்த ஊர்கள் உண்டு. பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு வந்தபிறகு, மாலை மனைவிக்கு, சாவி வீட்டுக்காரருக்கு என்று நடக்கும் ஊர்களும் உண்டு (அதையும் மீறி, இரண்டாவது வருடத்திலேயே வீட்டுக்காரரை வெளியே உட்காரவைத்துவிட்டு ஃபைல் பார்த்த பெண்களை நானே அறிவேன்). ஆனால் பிரசிடெண்ட் தப்பிக்க முடியாத ஆள். விடியற்காலையில் தண்ணீர் வரவில்லையென்றால், வெயில் ஏறுவதற்குள் அவர் வீட்டு வாசலில் காலிக்குடங்கள் நிற்கும். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பார், "ஏம்ப்பா, லைட்டு என்னாச்சு?" திருடினால்கூட அவர் மகன் புதிதாக வாங்கிய வண்டியை ஊரே பார்க்கும். பிடிஓவிடம் கேட்க வேண்டுமானால் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏற வேண்டும். போனால், "சார் மீட்டிங்குக்குப் போயிருக்காரு."

இன்னொரு இழப்பும் இருக்கிறது. அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. பட்டியல் சாதிக்காரர் ஒருவர் ஊருக்கே தலைவராக நாற்காலியில் உட்காருவது ஊராட்சியில்தான் நடக்கும். அது சும்மா கிடைத்ததில்லை. 1997-இல் மேலவளவு முருகேசன் தலைவரானதற்காகவே வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊர்களில் தலைவர் பதவியைப் பட்டியல் சாதிக்கு ஒதுக்கியதால் 1996-இலிருந்து பத்து வருடம் தேர்தலை ஒழுங்காக நடத்த விடவில்லை. 2006-இல்தான் முறையாக நடந்தது. 2020-இல் கூட கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் தலைவரைத் தரையில் உட்கார வைத்த படத்தைப் பார்த்தோம். ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒரு கையெழுத்தை மறுத்தே எத்தனையோ தலைவர்களைத் துணைத்தலைவர்கள் முடக்கினார்கள். இத்தனையையும் தாண்டித்தான் ஆயிரக்கணக்கானவர்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பழகினார்கள், ஊரும் அதைப் பார்த்துப் பழகியது. இப்போது அந்தப் பழக்கத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம். அந்த நாற்காலி காலியாக இருப்பதில் நிம்மதி அடைந்தவர்கள் யார் என்று உங்கள் ஊரில் சுற்றிப் பாருங்கள், தெரியும்.

பக்கத்துக் கேரளாவில் 2020 டிசம்பரில், கொரோனா காலத்திலேயே உள்ளாட்சித் தேர்தலை நடத்தினார்கள். 2025 டிசம்பரில் மறுபடியும் நடத்தினார்கள், அதுவும் சட்டமன்றத் தேர்தலுக்குச் சில மாதம் முன்னால். அங்கேயும் கட்சிச் சண்டை இருக்கிறது, ஊழல் குற்றச்சாட்டு இருக்கிறது. தேர்தலை மட்டும் வருடக்கணக்கில் தள்ளிப்போடவில்லை. நாமோ குடவோலைத் தேர்தலைச் சொல்லும் உத்திரமேரூர் கல்வெட்டைப் பாடப்புத்தகத்திலும் மேடையிலும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஓட்டுக்குப் பணம், சாராயம், மகளிர் உரிமைத்தொகை, வேலைவாய்ப்பு எல்லாம் பேச வேண்டிய விஷயங்கள்தான், பலரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் இதை மட்டும் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 2021 அக்டோபரில் தேர்தல் நடந்த மீதி ஒன்பது மாவட்டங்களுக்கும் (காஞ்சிபுரம், செங்கல்பட்டு, விழுப்புரம், கள்ளக்குறிச்சி, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருநெல்வேலி, தென்காசி) இந்த 2026 அக்டோபரில் காலம் முடிகிறது. 2022 பிப்ரவரியில் ஓட்டுப் போட்ட மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளுக்கு 2027 தொடக்கத்தில் முடியும். அதாவது இப்போது யார் ஜெயித்து வந்தாலும், முதல் வருடத்துக்குள் தமிழ்நாட்டின் எல்லா உள்ளாட்சிகளும் அவர்கள் கையில் வந்து விழும். தேர்தல் வைப்பதா, தனி அலுவலரை வைத்தே ஓட்டுவதா என்று அப்போது முடிவு செய்வார்கள். நகரத்து நண்பர்களே, அந்த வரிசையில் உங்கள் வார்டு கவுன்சிலரும் இருக்கிறார்.

உங்கள் தெருவுக்கு வரும் வேட்பாளர் எந்தக் கட்சியாக இருந்தாலும் இதைக் கேளுங்கள். "வைப்போம்" என்பார். எந்த மாதம் என்று கேளுங்கள். பக்கத்தில் நிற்கும் ஒன்றியச் செயலாளரின் முகத்தையும் அப்போது ஒருமுறை பாருங்கள். பிரசிடெண்டுக்கு நிற்க ஆசைப்பட்டு இத்தனை மாதமாகக் காத்திருப்பவராகக்கூட இருக்கலாம், உங்களுக்கு ஒத்தாசையாகப் பேசுவார்.