இரண்டு சர்வர் கிளஸ்டருக்கு ஸ்டோனித் தேவையில்லையா?

சிங்கப்பூரில் சர்வர் வேலை பார்க்கும் நம் தமிழ் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குறிப்பு சுற்றுகிறது: “பேஸ்மேக்கரில் இரண்டே சர்வர் என்றால் ஸ்டோனித் வேண்டாம். அணைத்துவிடுங்கள், கிளஸ்டர் உடனே ஓடும்.” ஓடும் என்பது சரி. வேண்டாம் என்பது தவறு, ஆபத்தும்கூட. பேஸ்மேக்கர் என்பது பல சர்வர்களை ஒரு கிளஸ்டராகச் சேர்த்து, ஒன்று விழுந்தால் சேவையை மற்றதில் ஓட்டும் மென்பொருள். பதில் தராத சர்வரை வலுக்கட்டாயமாக நிறுத்தும் ஏற்பாடுதான் ஸ்டோனித்.

தை செங்கில் ஒரு டேட்டா சென்டரில் இரண்டு சர்வர், இரண்டுக்கும் பொதுவான ஒரு டிஸ்க் என்று வைத்துக்கொள்வோம். இடையிலுள்ள நெட்வொர்க் மட்டும் அறுகிறது. இரண்டுமே உயிரோடு இருக்கின்றன. ஆனால் மற்றது செத்துவிட்டது என்று ஒவ்வொன்றும் நினைக்கிறது. இரண்டும் அதே எக்ஸ்எஃப்எஸ் (ஒரு நேரத்தில் ஒரே சர்வர் மட்டும் பயன்படுத்த வேண்டிய கோப்பு முறை) டிஸ்க்கை மவுன்ட் செய்து டேட்டாபேஸைத் தொடங்கினால் தரவு சிதைந்துவிடும். சர்வர்களுக்கு இடையிலான தொடர்பைப் பார்த்துக்கொள்ளும் கோரோசிங்கில் இரண்டு சர்வருக்கான அமைப்பு, ஒரே ஓட்டு போதும் என்று விட்டுவிடுவதால் கோரமும் (quorum, பெரும்பான்மை ஓட்டு விதி) இதைத் தடுக்காது. ஸ்டோனித்தான் மற்ற சர்வரின் மின்சாரத்தைத் துண்டித்து, அது நின்றது உறுதியான பிறகே சேவையை இங்கே எடுக்கும்.

குழப்பம் எங்கிருந்து வந்திருக்கும்? தொடக்கப் பாடங்களில், மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியை அமைக்கும்வரை ஸ்டோனித்தைத் தற்காலிகமாக அணைத்து வைப்பார்கள். அந்த ஒரு வரி மட்டும் நகலாகிப் பரவுகிறது. லினக்ஸ் விற்கும் ரெட் ஹேட் நிறுவனமோ ஸ்டோனித் இல்லாத கிளஸ்டருக்கு ஆதரவே தருவதில்லை.

அப்புறம், ஸ்டோனித்துக்கு ஐபிஎம்ஐ (சர்வருக்குள்ளேயே இருக்கும், தொலைவிலிருந்து அதை அணைக்க உதவும் வசதி) மட்டும் போதும் என்றும் இருந்துவிடாதீர்கள். சர்வருக்கு மின்சாரம் முழுதாகப் போனால் ஐபிஎம்ஐயும் பதில் தராது, சேவை நகராமல் நிற்கும். ரேக்கின் பிடியூவை (சர்வர்களுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் கருவி) ஸ்டோனித்தின் இரண்டாம் நிலையாகச் சேருங்கள். பராமரிப்பு நேரத்தில் கேபிளைப் பிடுங்கிச் சோதித்தும் பாருங்கள்.